எண்ட் டு எண்ட்

பக்கவாதத்தில் செயலிழந்த வலது காலில் சுடலைமுத்துவுக்கு ஒரு காலுறை மாட்டிவிட்டிருந்தார்கள். பாதம் கொஞ்சம் அசைந்தாலும் கோயம்புத்தூரில் இருக்கும் பிசியோ பெண்ணின் திரையில் ஒரு கோடு எழும்பும்.

"ஐயா, வலது பாதத்தை மெல்ல அழுத்துங்க" என்று திருநெல்வேலி வீட்டுச் சுவரில் தோன்றி அவள் இரண்டு மாதமாகக் கெஞ்சுகிறாள். கோடு படுத்தே கிடந்தது.

மனைவி தங்கபுஷ்பத்துக்குப் பொறுமை போயிற்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனிடம் இப்படிக் கொஞ்சினால் கால் அசையுமா? நாற்காலியின் முதுகில் படபடவென்று இரண்டு தட்டு தட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"போலாம் ரைட்!"

பாதம் அழுந்தியது. கோடு திரையின் உச்சிக்குப் போயிற்று.

"அது என்னம்மா மந்திரம்?" என்றாள் பிசியோ. டிரைவரும் கண்டக்டரும் இல்லாத பஸ்ஸிலேயே வளர்ந்த பெண்.

கோடு இறங்கவில்லை. சுடலைமுத்துவுக்கு வியர்த்து ஊற்றியது.

"ஐயா, அசைஞ்ச முதல் நாளே இவ்வளவு வேண்டாம், நிறுத்துங்க!"

"ஏங்க, நிறுத்துங்களேன்!" என்று தங்கபுஷ்பமும் தோளை உலுக்கினாள்.

எதிர்ச் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்:

"சும்மா இருட்டி. இது எண்ட் டு எண்ட் வண்டி. இனி நாகர்கோவில்லதான் நிக்கும்."