எங்கள் வாசலோடு முடிகிற படி

பனிமலை ஏறப்போவதாக என் வீட்டுக்காரர் ஒரு வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் முதுகுப்பையில் தண்ணீர் கேன்களை நிரப்பிக்கொண்டு, கீழ்வாசலிலிருந்து கடைசி மாடியிலுள்ள எங்கள் வீடுவரை படியேறுவார். ஏறி முடித்ததும் தண்ணீரைப் பால்கனியில் கொட்டிவிடுவார். சுமையோடு இறங்கினால் முட்டி போய்விடுமாம். துடைப்பது நான்.

“போதும்ங்க, என்னால முடியல. இந்த மலை நமக்கு வேணாம்,” என்றேன் ஒருநாள்.

அவர் சண்டைகூடப் போடவில்லை. “சரி, விடு,” என்று பையையும் பூட்ஸையும் பரணில் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. பரணைப் பார்த்தேன். பூட்ஸ் அங்கேதான் இருந்தது. சத்தம் எங்கள் வாசலுக்கு வந்தது, நிற்காமல் மேலே ஏறிப் போனது. எங்கள் வாசலுக்கு மேலே படியே கிடையாது.

அடுத்தடுத்த நாள்களில் அது தலைக்கு மேலே, இன்னும் மேலே என்று தேய்ந்துகொண்டே போனது. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டோம். இருக்கிற அலுப்பில் அதுவும் பழகிவிட்டது.

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பால்கனியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். மழை இல்லை. தரையெல்லாம் பனித்தூள். கால் வைத்த இடம் சுரீரென்றது.

“தண்ணிய கொட்டிட்டானா?” என்றார் அவர், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். “அப்போ உச்சிக்குப் போய்ச் சேர்ந்துட்டான். இனிமே எறங்க வேண்டியதுதான்.”

பிறகு எச்சில் கையோடு எழுந்துபோய், வாசல் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார்.