அடியில் கேட்ட குரல்

கடைவாய்ப் பால்பல்லுக்கு பிரஷ் மேல் தீராத கோபம். தினமும் முன்பற்களோடு கொஞ்சிவிட்டு, பின்னால் எட்டிக்கூடப் பார்க்காமல் அது போய்விடும். அதனால்தான் பால்பல்லின் நடுவில் கறுப்பாக ஒரு குழி விழுந்தது.

ஈறுக்கு அடியில் இன்னும் முளைக்காத பல், “அக்கா, என் தலையில ஏதோ சொட்டுதே” என்றது.

“ஒண்ணுமில்லடா, தூங்கு.”

ஒருநாள் குழந்தையைப் பல் சுத்தம் செய்ய அழைத்துப்போனார்கள். டாக்டரின் குட்டிக் கண்ணாடி வாய்க்குள் நுழைந்தது. பால்பல்லுக்குப் பாதி உயிர் போய்விட்டது. குழியைப் பார்த்தால் பிடுங்கி எறிந்துவிடுவார்களே!

“நாக்கண்ணே, என்னை மறைச்சுக்கோ!”

“பிரஷ்கிட்ட காட்டின வீராப்பெல்லாம் எங்கே போச்சு?” என்று சிரித்தபடி நாக்கு அதன்மேல் படுத்துக்கொண்டது.

“யாருக்காவது வலிக்குதா?” என்று கேட்டது கண்ணாடி.

பால்பல் மூச்சுக்கூட விடவில்லை. கண்ணாடி திரும்பிப் போனது.

அடியிலிருந்து குரல் கேட்டது. “அக்கா, இப்போ சுடுது. வந்துட்டுப் போனது யாரு?”