பைக்குள் ஒன்பது போன்

கோபி, சத்தி என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் போலீஸ் ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். ஏட்டு கந்தப்பன் என்று கேட்டால் போதும், யாரும் வழி காட்டுவார்கள். எப்போது போனாலும் அவர் நாற்காலியில் இருப்பார்.

உட்கார்ந்து போன் பார்ப்பார். சமையல் ரீல்ஸ், சண்டை ரீல்ஸ், உடம்பு இளைக்க யோசனை சொல்லும் ரீல்ஸ் என்று எதையும் விடமாட்டார். கழுத்து வலி என்று போன இடத்தில் டாக்டர், போனைக் கீழே வைத்துவிட்டு நடக்கச் சொன்னார். அன்றிலிருந்து கந்தப்பன் நடைப்பயிற்சி ரீல்ஸும் பார்க்கத் தொடங்கினார்.

மாவட்டத்துக்குப் புதிதாக வந்த எஸ்.பி.யால் இந்தச் சுகத்துக்கு ஆபத்து வந்தது. போலீஸ்காரர்கள் தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். போனில் அடி எண்ணுகிற ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு, இரவானதும் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். மாதக் கடைசி நாளன்று ஸ்டேஷனில் யார் கணக்கு ஆகக் குறைவோ, அவருக்கு மலைமேல் செக்போஸ்ட்டுக்கு மாறுதல். அங்கே யானை வரும், சிக்னல் வராது. கந்தப்பனுக்கு யானை ஒரு பொருட்டில்லை.

குழுவில் எப்போதும் முதலிடம் இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டனுக்குத்தான். பன்னிரண்டாயிரத்துக்கு ஓர் அடி குறைந்ததில்லை. அத்தனை நடந்தும் தொப்பை மட்டும் இம்மி குறையவில்லை. கேட்டால் பரம்பரை உடம்பு என்பார். கந்தப்பனின் கணக்கு ஆயிரத்து நூறு. அதில் பாதி சார்ஜரைத் தேடி நடந்தது.

மாதம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் அன்று காலை வாய்க்கால் கரைக்கு நடக்கப் போனார். நானூறாவது அடியில் மூச்சு வாங்கியது. மதகின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தபோது, தோளில் துணிப்பையை மாட்டிய பெண் ஒருத்தி விறுவிறுவென்று அவரைக் கடந்து போனாள்.

பைக்குள் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. பத்தடி தள்ளி, வேறொரு சினிமாப் பாட்டோடு இன்னொரு போன் அடித்தது. அதையும் எடுக்கவில்லை.

கந்தப்பனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டார். கையும் களவுமாக ஒரு போன் திருடியைப் பிடித்துக் கொடுத்தால், எந்த எஸ்.பி. அடிக் கணக்குக் கேட்பார்?

"ஏனுங்க அம்மணி, கொஞ்சம் அந்தப் பையைக் காட்டுங்க" என்றார். எங்கள் பக்கம் கைது செய்வதும் மரியாதையாகத்தான்.

பைக்குள் ஒன்பது போன்கள் இருந்தன. பெயர் பொற்கொடி என்றாள். முன்பு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாளாம், இப்போது வேறு வேலையாம். போன்கள் யாருடையவை என்று கேட்டதற்குத்தான் வாயைத் திறக்கவில்லை.

"நான் திருடலீங்க. பேரைச் சொன்னா எம்பொழப்புப் போயிருமுங்க."

ஸ்டேஷனுக்கு நடக்கச் சொன்னார். அவள் முரண்டு பிடிக்கவில்லை, சந்தோஷமாகவே நடந்தாள். கந்தப்பன்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. வழியில் பேக்கரி வாசலில், புது ஷூ போட்ட நாலைந்து பெரிய மனிதர்கள் தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைக் கண்டதும் அத்தனை பேரும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். போலீஸ் என்றால் ஊருக்கு இன்னும் பயம் இருக்கிறது என்று கந்தப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

ஸ்டேஷனில் போன்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒன்று அடித்தது. எடுத்தார்.

"நடந்து முடிச்சாச்சுங்களா? வரப்பக் கொத்தமல்லித் தழை வாங்கிட்டு வந்துருங்க" என்றது ஒரு பெண் குரல்.

போலீஸ் பேசுவதாகவும், வீட்டுக்காரரின் போன் களவு போயிருப்பதாகவும் பக்குவமாகச் சொன்னார்.

"தமாசு பண்ணாதீங்க. எங்கூட்டுக்காரரு போனும் கையுமாத்தான் நடக்கப் போயிருக்காரு" என்று அந்த அம்மா வைத்துவிட்டாள்.

அடுத்து வந்த இரண்டு அழைப்புகளிலும் இதே கதைதான். கந்தப்பனுக்குப் புல்லரித்தது. போன் போனதே பறிகொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை என்றால், இவள் எப்பேர்ப்பட்ட கைகாரி! செக்போஸ்ட் கனவாய்க் கலைந்து, அந்த இடத்தில் பதக்கம் தெரிந்தது.

நல்ல சேதியை முதலில் இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டும். எங்கேயாவது வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருப்பார், பாவம். கந்தப்பன் தன் போனில் அவருடைய எண்ணை அழுத்தினார்.

மேஜைமேல் நீல உறை போட்ட போன் அடித்தது. அதன் திரையில் 'ஏட்டு கந்தப்பன்' என்று வந்தது.

ஐயாவின் போனிலேயே கை வைத்திருக்கிறாளே என்று அவர் வாயைப் பிளந்தபோது, பொற்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவரு எந்திரிக்க எட்டு மணி ஆகுமுங்க. இந்த ஒம்பது பேருக்கும் தெனமும் நாந்தானுங்க நடக்கறேன். நீங்க உட்டீங்கன்னா, பாக்கி நாலாயிரம் அடியை வெயில் ஏறறதுக்குள்ள நடந்துபோடுவேன்."

கந்தப்பன் போன்களைத் தன் கையாலேயே பையில் அடுக்கிக் கொடுத்து, பொற்கொடியை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் இரவு, முதலிடம் யாருக்கு என்று எஸ்.பி.யாலேயே முடிவு செய்ய முடியவில்லை: இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டன், பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று, ஏட்டு கந்தப்பன், பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று.