கூரையில் கொம்பு வைத்த வண்டி

சன்னல் திரையை இறுக்கி மூடியிருந்தான். டிவி ஏரியலைக் கூரைக்கு வெளியே நாட்டாமல் பரணுக்குள்ளேயே கட்டியிருந்தான். சத்தத்தைப் பக்கத்து நாற்காலி வரை மட்டும் கேட்கும்படி குறைத்திருந்தான். பிறகு எப்படி அந்த வண்டிக்குத் தெரிந்தது என்பதுதான் வில்ஃப் ஹெப்வொர்த்துக்குப் பிடிபடவில்லை.

ஆல்மா தெருவில், அவன் வீட்டுக்கு நேர் எதிரே, காலையிலிருந்து அது நின்றுகொண்டிருந்தது. பச்சை வண்டி. கூரைமேல் வளையம் வளையமாக இரண்டு கொம்புகள். பக்கவாட்டில் ‘டிவி லைசென்ஸ் சோதனை’ என்று தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம். வீட்டில் டிவி வைத்திருந்தால் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம்.

“டிரைவர் சீட்டுல ஆளே இல்லியே, வில்ஃப்?” என்றாள் மனைவி எடித், திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கியபடி.

“பின்னாடி மெஷின்கிட்ட உக்காந்திருப்பான். எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், இப்பதான் புரியுது. காத்துல வர்ற அலையைப் பிடிக்கணும்னா, நம்ம பெட்டியும் உள்ளுக்குள்ள சின்னதா ஒரு அலையை உண்டாக்கணும். ரெண்டும் கலந்தாதான் படம். அந்தச் சின்ன அலை கொஞ்சம் வெளியில கசியும். செங்கல்லு, திரை எதுவும் அதைத் தடுக்காது. அதைத்தான் அந்தக் கொம்பு மோந்து பாக்குது.”

“அப்ப பெட்டியை நிறுத்தித் தொலை.”

“நேத்து நாம பெட்டியில குதிரைப் பந்தயம் பாத்தப்பவே அந்த வண்டி தெருவை ஒரு சுத்து சுத்திட்டுப் போச்சு. மோந்தது மோந்ததுதான்.”

“ஈஸ்டர்லேருந்து கத்தறேன், லைசென்ஸ் வாங்கு, லைசென்ஸ் வாங்குன்னு. ஊரையெல்லாம் டிக்கெட் எங்கேன்னு கேப்பே. உன் டிக்கெட்டை மட்டும் வாங்க மாட்டே!”

அதுதான் சுட்டது. வில்ஃபுக்குப் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர் வேலை. இருபது வருடம் கண்டக்டராக மணியடித்த பிறகு, போன வருடம்தான் அந்தத் தொப்பி அவன் தலைக்கு வந்தது.

முந்தைய பரிசோதகர் கிளிஃபோர்ட், நாய்க்கு லைசென்ஸ் வாங்காமல் மாட்டிக்கொண்டவர். கோர்ட்டுச் செய்தியில் அவர் பெயர் வந்த மறுநாளே மேனேஜர் தொப்பியைக் கேட்டு வாங்கிவிட்டார். அதே தொப்பிதான் இது.

“ஓடிப்போய் வாங்கிடறேன்,” என்று அதை மாட்டிக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து சந்து வழியாகத் தபால் ஆபீசுக்கு விரைந்தான்.

அங்கே வாசல்வரை க்யூ. பாதிப்பேர் ஆல்மா தெரு ஆட்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வில்ஃபுக்கு முன்னால் பழைய மழைக்கோட்டு போட்ட ஒரு தடித்த மனிதர் நின்றிருந்தார். வெளியூர் முகம். இரண்டு பெண்களை முன்னே போகச்சொன்னவர், திரும்பி அவனுக்கும் வழிவிட்டார்.

“நீங்களும் போங்க. எனக்கு அவசரமில்லை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வண்டியைப் பாத்துட்டுத்தானே?” என்றார்.

வில்ஃப் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “உங்களுக்குமா?”

“அது நின்னுச்சுன்னா நான் இங்க வந்து நிக்காம தீராது.” பெருமூச்சு விட்டார். “உங்க வீட்ல எத்தனை நாளா ஓடுது?”

“ஈஸ்டர்லேருந்து. ஃபுட்பால் கோப்பை மேட்ச் பாக்கலாம்னு பெட்டி வாங்கினேன். அடுத்த வாரம் லைசென்ஸ் எடுக்கலாம், அடுத்த வாரம் எடுக்கலாம்னு... இலை உதிர ஆரம்பிச்சாச்சு.”

“எல்லார் வீட்லயும் இதே கதைதான் சார்.” அவர் கண் வில்ஃபின் தலைக்குப் போனது. “பஸ் பரிசோதகரா? ஒரு சந்தேகம். ரெண்டு மாடி பஸ்ஸு, நெரிசல் வேற. அத்தனை பேர் டிக்கெட்டையும் எப்படித்தான் பாத்து முடிக்கிறீங்க?”

காலையிலிருந்து கூனியே இருந்த வில்ஃபின் முதுகு அப்போதுதான் நிமிர்ந்தது.

“ஒருத்தர் டிக்கெட்டையும் பாக்க வேணாம் சார். ஏறினதும், தொப்பி எல்லாருக்கும் தெரியற மாதிரி சும்மா நிப்பேன். எவன் அவசர அவசரமா கண்டக்டரைத் தேடறானோ, அவன்தான்.”

“பிரமாதம்!” என்றார் அவர், மனசாரவே.

கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். “பெட்டி எப்ப வாங்கினது?”

“இன்னிக்கு. இன்னிக்குக் காலையிலதான்.”

எழுதினான். கையெழுத்துப் போட்டான். மை காய ஊதினான். நிமிர்ந்தபோது, அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது, பென்சில் வந்தது, கடைசியாக முத்திரை குத்திய ஓர் அட்டை வந்தது. வண்டியின் பக்கவாட்டில் இருந்த அதே எழுத்துகள்.

“ஈஸ்டர்னுல்ல சொன்னீங்க?” என்றார் அவர், வருத்தத்தோடு.

யாரும் கேட்காமலே வில்ஃபின் கை தொப்பியைக் கழற்றியது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கேட்டான்: “அந்த மெஷின்... அவ்வளவு துல்லியமா மோந்து பாத்துருமா?”

“மெஷினா? வண்டிக்குள்ள ஒரு நாற்காலியும் டீ ஃப்ளாஸ்க்கும்தான் சார் இருக்கு. எல்லாருக்கும் தெரியற மாதிரி அதை நிறுத்திட்டு, நான் இங்க வந்து சும்மா நிப்பேன்.”