திருப்பி அனுப்பப்படாதவன்

தலையில் அடிபட்ட ரக்பி வீரன் கஜரூபனை, அணி மருத்துவர் தாரகா உடைமாற்றும் அறைக்குக் கூட்டிவந்தாள்.

"இப்ப எங்க இருக்கிறீர்?"

"வெஸ்ட்மீட்."

அவர்கள் இருந்தது ஹோம்புஷ் மைதானத்தில்.

"இண்டைக்கு இனி நீர் விளையாடேலாது."

"கோச் ஏசுவார், அக்கா."

"அதை நான் பாக்கிறன்."

அவனைக் கதிரையில் இருத்தி, கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அப்போது பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். கஜரூபனைச் சீக்கிரம் திருப்பி அனுப்பியதற்கு நன்றி சொன்னார்.

ஆட்டத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்த சுவர்த் தொலைக்காட்சியைத் தாரகா பார்த்தாள். கஜரூபன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அது நான்தானே?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

மைதானத்தில் ஓடுபவனை உடனே வெளியே எடுக்கும்படி தாரகா தொலைபேசியில் கெஞ்சினாள். அதற்குள் திரையில் இரண்டு பேர் அவனை மறித்து விழுத்தினார்கள். தலை தரையில் மோதியது. அவன் எழும்பவில்லை.

அவள் பிடித்திருந்த கை மெல்லக் குளிரத் தொடங்கியது.