அவளுடைய சம்மதம்

"உங்க மனைவி ஏற்கெனவே சம்மதம் குடுத்திருக்காங்க சார்," என்றார் டாக்டர். "ஹெல்த் ஆப்ல, உறுப்பு தானம்ங்கிற இடத்துல டிக் இருக்கு. இருந்தாலும் உங்க வார்த்தையும் வேணும்."

கணவர் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அவளுக்காக மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஊசின்னாலே ஊரைக் கூட்டுவா எங்கக்கா," என்று மைத்துனன் அழுகைக்கு நடுவே சிரித்தான். "அவளா இதுக்குச் சரின்னா? எவ்வளவு பெரிய மனசு மாமா!"

மைத்துனன் அவர் தோளில் கை வைத்தான்.

"விட மனசு வரலைதானே? எனக்கும்தான். ஆனா அவளே படிச்சுப் பார்த்து எடுத்த முடிவு. நாம மீறலாமா?"

"படிச்சிருப்பாளா?"

"படிக்காமலா டிக் பண்ணுவா?"

அந்த ஆப்பை வடிவமைத்தவரே அவர்தான். திறக்கும்போதே டிக் விழுந்திருக்கட்டும், வேண்டாதவர்கள் எடுத்துவிடட்டும் என்று ஆபீசில் வாதாடி ஜெயித்தவர். "நல்ல காரியத்துக்குத்தானே? கேட்டா யோசிப்பாங்க சார், யோசிச்சா தள்ளிப்போடுவாங்க."

வெளியான அன்றே அவளுடைய போனிலும் போட்டார். எல்லாப் பக்கத்திலும் 'சரி'யை அழுத்திக்கொண்டே போனதும் அவர் விரல்தான். அடுக்களையிலிருந்து அவள் கேட்டாள்: "நான் ஏதாவது பார்த்துச் சொல்லணுமாங்க?"

"ஒண்ணும் வேண்டாம், நீ வேலையைப் பாரு."

டாக்டர் காத்திருந்தார்.

"குடுத்துடலாம் டாக்டர்," என்றார் அவர். "ஆனா என் சம்மதம்னு மட்டும் எழுதிக்குங்க. அவளை நான் கேக்கவே இல்லை."

தோளில் இருந்த மைத்துனனின் கை மெல்ல விலகியது.