செங்காய்

டெம்போக்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடிக்கிறார். பாலக்கோடு மண்டிக்குப் போகவேண்டிய தக்காளிப் பெட்டிகள் வாசலில் அடுக்கியிருக்க, அன்பரசி தினமும்போலக் கைப்பலம் பார்க்க ஒரு பழத்தைத் துடைத்துக் கணவர் சவுரியப்பனின் உள்ளங்கையில் வைக்கிறாள். கைகால் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய் அவருக்கு. முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டு இன்றோடு நாற்பத்தோரு நாள். கையில் பலம் கூடியிருக்கிறதா என்று கேட்டு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். அதைப் பொறுத்துத்தான் அடுத்த ஊசி. வெயில் விழுந்த முன்கையில், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை ஓயாமல் துடிக்கிறது. கட்டைவிரல் மெல்ல மடிந்து பழத்துக்குள் பதிகிறது. சாறு மணிக்கட்டு வரை வழிகிறது. “விரல் இறங்குதுங்க! நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்லீங்க” என்று சிரிக்கிறாள் அவள், கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டேயிருக்கிறது. இருபது வருஷம் தக்காளி தரம் பிரித்தவர், பழத்தின் நிறத்தையே பார்க்கிறார். நேற்றையதைவிடச் சிவப்பு. முந்தாநாள் கொடுத்ததைவிட இன்னும் சிவப்பு. குழறும் நாக்கால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளுகிறார்: “செங்காய்... எடு, அன்பு.” பெட்டி மேல் இருக்கும் போன் அதிரத் தொடங்குகிறது. அவள் திரும்பிக் குனிகிறாள். பாதி பழுத்து, கல்லாட்டம் இருக்கும் காய் ஒன்றை எடுத்து, முதுகு காட்டியபடியே இரண்டு கட்டைவிரல்களாலும் நசுக்கி நசுக்கி இளக்குகிறாள். போன் அடித்துக்கொண்டேயிருக்கிறது. அவளுடைய முழங்கைகள் அசைவதைப் பார்த்த சவுரியப்பன், கண்ணை மூடிக்கொள்கிறார்.